மனு முதல் மறியல் வரை: தமிழ்நாட்டில் ஒரு போராட்டம் தன் வடிவத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

குடிநீர் கேட்டு காலிக்குடங்களுடன் பெண்கள் சாலை மறியல். தடையை மீறி ஆர்ப்பாட்டம், 150 பேர் கைதாகி மாலையில் விடுதலை. ஊழியர்கள் காலவரையற்ற காத்திருப்புப் போராட்டம். நாளிதழின் மாவட்டப் பக்கத்தைப் புரட்டினால் இப்படி நாலு செய்தி கண்ணில் படும். எல்லாவற்றையும் ‘போராட்டம்’ என்ற ஒரே சொல்லில் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம்.

நின்று கவனித்தால் கேள்விகள் எழும். ஒருவர் சாலையில் உட்கார, இன்னொருவர் ஏன் சாப்பிடாமல் இருக்கிறார்? கைது செய்தவர்களை எப்படி மாலையே விட்டுவிடுகிறார்கள்? அனுமதி வாங்கித்தான் போராட வேண்டுமா? அனுமதி தருவது யார்? இவற்றுக்கான விடைகள் வரலாற்றில் கொஞ்சமும் சட்டத்தில் கொஞ்சமும் கிடக்கின்றன. முதலில் சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம்.

## எந்தப் போராட்டத்தில் யாருக்கு இழப்பு?

பந்தல், கொடி, கோஷம் என்று வெளித்தோற்றத்தை வைத்துப் பிரித்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். இழப்பு யாருக்கு என்று பார்த்தால் உடனே தெளிவாகிவிடும்.

1. யாருக்கும் பெரிய இழப்பு இல்லாதவை. மனு கொடுத்தல், கருப்புப் பட்டை அணிதல், ஆர்ப்பாட்டம், பேரணி, மனிதச் சங்கிலி. குறிப்பிட்ட இடத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் நின்று கோஷம் போட்டுக் கலைவதுதான் ஆர்ப்பாட்டம். எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டுவதே இதன் நோக்கம்.

2. போராடுபவர் தன்னையே வருத்திக்கொள்பவை. உண்ணாவிரதம், மொட்டை அடித்தல், அரை நிர்வாணம், கழுத்தளவு தண்ணீரில் நிற்பது. இதன் கடைசி எல்லையில் தீக்குளிப்பு என்ற துயரம் இருக்கிறது.

3. எதிர்த்தரப்புக்கு இழப்பு தருபவை. வேலைநிறுத்தம், வரிகொடா இயக்கம், தேர்தல் புறக்கணிப்பு, அலுவலக முற்றுகை. கேட்பவருக்கும் கொடுக்க வேண்டியவருக்கும் இடையில் நேரடியாக நடப்பவை. வேலைநிறுத்தத்தில் தொழிலாளிக்கும் சம்பளம் போகும் என்பதை மறந்துவிடக் கூடாது.

4. சம்பந்தமில்லாத மூன்றாம் ஆளுக்கு இழப்பு தருபவை. சாலை மறியல், ரயில் மறியல், கடையடைப்பு, பந்த். பேருந்தில் உட்கார்ந்திருக்கும் பயணிக்கும் கோரிக்கைக்கும் தொடர்பே கிடையாது. ஆனால் அவருடைய தவிப்புதான் அதிகாரியை ஓடிவர வைக்கிறது.

5. ஒரு சட்டத்தைத் தெரிந்தே மீறி தண்டனையைக் கேட்டு வாங்குபவை. உப்பு அள்ளுதல், சட்ட எரிப்பு, சிறை நிரப்பும் போராட்டம். இங்கே சிறைதான் மேடை.

ஒரே போராட்டம் இரண்டு மூன்று வகையில் கால் வைப்பதும் உண்டு. அரசும் நீதிமன்றமும் முதல் வகையைப் பொறுத்துக்கொள்ளும், நான்காவதைத்தான் கடுமையாகப் பார்க்கும். அந்தந்த அமைப்புக்கு எது கட்டுப்படியாகும், எதை அரசு சகிக்கும் என்ற கணக்கில்தான் வடிவம் தேர்வாகிறது. அந்தக் கணக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே நடந்துவருகிறது.

## பழைய வேர்கள்

போராட்டம் என்றதும் காந்தி காலத்தில் தொடங்கிவிடுகிறோம். அதற்கு வெகு முன்பே, 1429-ல், விருத்தாசலம், ஆடுதுறை, கொறுக்கை ஆகிய ஊர்களின் கோயில் கல்வெட்டுகள் விஜயநகர ஆட்சிக்கால வரிக்கொடுமையைப் பேசுகின்றன. வழக்கமாக ஒருவருக்கொருவர் மோதிக்கொண்ட வலங்கை, இடங்கை என்ற சாதித் தொகுதியினர் ஒன்றாகக் கூடி, இனி இவ்வளவுதான் வரி கொடுப்போம் என்று முடிவெடுத்துக் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். இன்றைய கிராமசபைத் தீர்மானத்துக்கு இதைவிட நெருங்கிய மூதாதை கிடையாது.

ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்பிவிடுவதும் ஒரு பழைய வழி. 1680-ல் சென்னைப்பட்டினத்தில் துணிக்கு வண்ணம் தீட்டுவோர் உள்ளிட்ட கைவினைஞர்கள், கிழக்கிந்தியக் கம்பெனி ஆளுநர் ஸ்ட்ரைன்ஷாம் மாஸ்டரோடு முரண்பட்டு சாந்தோமுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கம்பெனி பிழைத்ததே துணி வியாபாரத்தில். அந்தக் கைகள் நின்றால் கோட்டைக்கு வருமானம் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். வேலைநிறுத்தம் என்ற பெயர்தான் அன்றைக்கு இல்லை.

தர்ணாவுக்கும் இப்படியொரு பழங்கதை உண்டு. கடன் கொடுத்தவர், வாங்கியவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிடுவார். அவர் பட்டினி கிடந்தால் பாவம் வீட்டுக்காரரைச் சேரும் என்று நம்பினார்கள். 1860-ல் ஆங்கிலேயர் எழுதிய இந்திய தண்டனைச் சட்டம், தெய்வக் குற்றம் வரும் என்று நம்பவைத்து ஒருவரை மிரட்டுவதைக் குற்றமாக்கியபோது, அதற்குச் சொன்ன எடுத்துக்காட்டே வாசலில் தர்ணா உட்காருவதுதான். அப்புறம் கடன்காரர் வீட்டு வாசல் கலெக்டர் அலுவலக வாசலாக மாறியது. உட்காருவது மாறவில்லை.

## ஆலை வாசலில் இருந்து சட்டப் புத்தகம் வரை

1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் ஓய்வும் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். ஆலை நிர்வாகம் இறங்கிவந்தது. மார்ச் 12-ல் தலைவர்கள் இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. தூத்துக்குடியில் கடைகள் மூடப்பட்டன, தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. இந்த இரண்டாவது நிறுத்தம் கூலிக்காக அல்ல, கைதுக்கு எதிராக. இந்தியாவின் முதல் அரசியல் வேலைநிறுத்தங்களில் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

அடுத்த பெரிய அத்தியாயம் பெரம்பூர். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி.வாடியா தலைவர், செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு, திரு.வி.க. ஆகியோர் உடன் நின்றார்கள். 1920-ல் பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலை நிர்வாகம், சங்கத்தால் தனக்கு நஷ்டம் என்று வாடியா உள்ளிட்டோர் மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கியது. அதாவது, தொழிலாளிகளைச் சேர்ந்து நிற்கச் சொன்னதற்கே ஒருவர் நஷ்ட ஈடு கட்ட வேண்டிவரலாம் என்ற நிலை. அடுத்த ஆண்டு பல மாதங்கள் நீடித்த வேலைநிறுத்தமும் துப்பாக்கிச்சூடும் வந்தன. இந்த வழக்கு எழுப்பிய அதிர்ச்சியில் இருந்துதான் தொழிற்சங்கத் தலைவர்களுக்கு இப்படிப்பட்ட வழக்குகளில் இருந்து பாதுகாப்பு தரும் 1926 தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. பெரம்பூரில் தோற்ற போராட்டம் இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டத்தைப் பெற்றுத் தந்தது என்று சொன்னால் மிகையாகாது.

## வேதாரண்யம்: மரத்தில் தொங்கிய சோற்றுப் பொட்டலம்

1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் திருச்சியில் இருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார்கள். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் ஓர் உத்தரவு போட்டார்: நடந்துவருபவர்களுக்குச் சோறு போட்டாலும் தங்க இடம் கொடுத்தாலும் தண்டனை. தொண்டர்களைத் தொடாமல், வழியில் இருக்கும் ஊர்களைப் பயமுறுத்தி நடையை நிறுத்திவிடலாம் என்பது அவருடைய திட்டம்.

ஊர்க்காரர்கள் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கட்டியது என்று தெரியாது. யாரும் யாருக்கும் பரிமாறவில்லை. சட்டப்படி ஒருவரும் ஒருவருக்கும் சோறு போடவில்லை! நடந்தவர்கள் வயிறு நிறைந்து வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். ஏப்ரல் 30-ல் அகஸ்தியம்பள்ளியில் உப்பள்ளிய ராஜாஜி கைதானார்.

பாடப்புத்தகம் நினைவில் வைப்பது உப்பை. போராட்டம் வென்றதோ அந்தப் பொட்டலத்தில் என்றுதான் தோன்றுகிறது. கைதாகத் தயாரான 100 பேர் ஒரு பக்கம் என்றால், கைதாக முடியாத, குடும்பமும் வயலும் உள்ள ஆயிரக்கணக்கானோர் தங்களால் முடிந்த வடிவத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஒரு போராட்டம் நீடிக்குமா நீடிக்காதா என்பதை இந்த இரண்டாவது கூட்டம்தான் தீர்மானிக்கிறது. மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்திலும், இடிந்தகரையில் நடந்த கூடங்குளம் அணுமின் நிலைய எதிர்ப்பிலும் பின்னால் நாம் பார்த்தது இதையேதான்.

## மொழிப்போர் காட்டிய இரு முகங்கள்

1938-ல் பள்ளிகளில் கட்டாய இந்தியை எதிர்த்து நடந்த மறியலுக்கு ஒரு நிதானமான ஒழுங்கு இருந்தது. சில தொண்டர்கள் பள்ளி வாசலில் நின்று கோஷம் போடுவார்கள், கைதாவார்கள். மறுநாள் அடுத்த குழு. இப்படிச் சிறை சென்றவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் 73 பேர் பெண்கள், 32 குழந்தைகள் தாய்மாரோடு உள்ளே போனார்கள். நடராசனும் தாலமுத்துவும் 1939-ல் சிறைப்பட்ட நிலையில் இறந்தார்கள். அதே இயக்கத்தில் திருச்சியில் இருந்து சென்னை வரை ஒரு நடைப்பயணமும் போனது. வழியெல்லாம் கூட்டம் போட்டு ஆதரவு திரட்டுவதுதான் நோக்கம். 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி விலக்கிக்கொள்ளப்பட்டது.

1965-ல் காட்சி வேறு. ஜனவரி 25-ல் மதுரையில் மாணவர் ஊர்வலம் மோதலாக மாறி, மாநிலம் முழுதும் பரவியது. தலைமை ஒரு கட்சியின் கையில் இல்லை, கல்லூரி விடுதிகளில் இருந்தது. துப்பாக்கிச்சூடு, தீவைப்பு, தீக்குளிப்பு எல்லாம் கலந்த அந்த வாரங்களில் இறந்தோர் எண்ணிக்கை அரசுக் கணக்கிலேயே பல பத்துகள். மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். 1967-ல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டு ஆங்கிலம் தொடர்வதற்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது.

இரண்டுக்கும் நடுவில், 1956-ல் விருதுநகரில் சங்கரலிங்கனார் மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயர் சூட்டுதல் உள்ளிட்ட கோரிக்கைகளோடு பட்டினி கிடந்தார். 75 நாட்களுக்கும் மேல். அக்டோபர் 13-ல் உயிர் பிரிந்தது. பெயர் மாறியது 1969 ஜனவரி 14-ல். இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. உண்ணாவிரதம் எதிராளியின் மனசாட்சியை நம்பி எடுக்கும் ஆயுதம். எதிராளி காதை மூடிக்கொண்டால் அது எடுத்தவரையே கொன்றுவிடுகிறது. இன்றைக்குக் காலை 9 மணிக்குத் தொடங்கி மாலை 5 மணிக்குப் பழரசத்தோடு முடியும் ‘அடையாள உண்ணாவிரதம்’ வேறு ஜாதி. சட்டப்படி அது ஆர்ப்பாட்டத்தின் இன்னொரு பெயர், அவ்வளவுதான்.

## சாலை எப்போது ஆயுதமானது?

கோவை வட்டாரத்தில் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் திரண்டது 1970-களின் தொடக்கம். யூனிட்டுக்குச் சில காசு உயர்வுதான். ஆனால் ஆழ்கிணற்றில் இருந்து மோட்டார் போட்டு நீர் இறைக்கும் கொங்குச் சம்சாரிக்கு அந்தக் காசுதான் லாபமும் நஷ்டமும். 1972-ல் ஆயிரக்கணக்கான மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்துச் சாலைகளில் நிறுத்தினார்கள். மாட்டை அவிழ்த்துவிட்டால் வண்டியை நகர்த்த ஆள் கிடையாது, நகரம் ஸ்தம்பித்தது. போலீஸ் லாரிக்கு நிகரான தடுப்பு தங்கள் களத்துமேட்டிலேயே நிற்கிறது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். அந்த ஆண்டு ஜூலை 5-ல் துப்பாக்கிச்சூட்டில் இறந்த விவசாயிகளை ஆண்டுதோறும் அதே நாளில் விவசாயச் சங்கங்கள் நினைவுகூர்கின்றன. 1989-ல் பதவியேற்ற அரசு விவசாயத்துக்கு இலவச மின்சாரம் கொடுத்தது.

1987 செப்டம்பர் 17 முதல் ஒரு வாரம் இட ஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் நடத்திய மறியலில் வட மாவட்டச் சாலைகள் முடங்கின. சாலையோர மரங்கள் வெட்டிப் போடப்பட்டன. 21 பேர் உயிரிழந்தார்கள். 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற தனிப்பிரிவும் அதற்கு 20 சதவீத இட ஒதுக்கீடும் வந்தன. கோரிக்கையின் நியாயத்தை ஏற்பவர்களும் வெட்டுப்பட்ட மரங்களை இன்றுவரை மறக்கவில்லை. மூன்றாம் ஆளுக்கு இழப்பு தரும் வடிவத்தில் எப்போதும் இருக்கும் சிக்கல் இது: பலன் சீக்கிரம் வரும், பகையும் கூடவே வரும்.

## காலிக்குடம் ஏன் வேலை செய்கிறது?

பெரிய இயக்கங்களை விட்டுவிட்டு அந்த மாவட்டப் பக்கச் செய்திக்கு வருவோம். தமிழ்நாட்டில் அதிகம் நடப்பது அதுதான், குறைவாகப் பேசப்படுவதும் அதுதான்.

ஒரு தெருவுக்குப் பத்து நாளாகக் குடிநீர் வரவில்லை. ஊராட்சியில் சொல்லியாகிவிட்டது. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுவும் கொடுத்தாகிவிட்டது. ரசீது மட்டும் வந்தது. பதினோராம் நாள் காலை, பஸ் நிறையப் போகும் நேரமாகப் பார்த்து, பெண்கள் பிளாஸ்டிக் குடங்களைச் சாலையின் குறுக்கே வரிசையாக வைத்துவிட்டுப் பின்னால் உட்காருகிறார்கள். அரை மணி நேரத்தில் இரு பக்கமும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்.

அப்புறம் நடப்பது எழுதிவைத்த நாடகம் மாதிரி ஒழுங்காக நடக்கும். முதலில் உள்ளூர் போலீஸ் வரும். போலீஸால் தண்ணீர் தர முடியாது. அதனால் அவர்களே வட்டாட்சியருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் போன் போடுவார்கள். பத்து நாள் போய்ப் பார்த்தும் சந்திக்க முடியாத அதிகாரி, ஒரு மணி நேரத்தில் நேரில் வந்து நிற்பார். நாளைக்குள் மோட்டார் சரிசெய்யப்படும், அதுவரை லாரித் தண்ணீர் வரும் என்பார். குடங்கள் எடுக்கப்படும். மறுநாள் நாளிதழில், பேச்சுவார்த்தைக்குப் பின் கலைந்து சென்றனர் என்று ஒரு வரி.

பயணிக்கு இது எரிச்சல்தான். ஆனால் மனு எடுத்துக்கொள்ளாத வேலையைக் குடம் ஒரு மணி நேரத்தில் செய்கிறது என்றால், பழுது சாலையில் இல்லை, மனு வாங்கும் மேசையில் இருக்கிறது. மறியல் என்பது மூடிக்கிடக்கும் கதவைத் தட்டும் முறை. அதிகாரி சாலைக்கு வந்தால்தான் வேலை நடக்கும் என்று மக்களுக்குக் கற்றுக்கொடுத்ததே நிர்வாகம்தான். குடத்தின் கணக்கு இன்னொன்று: அதற்குப் பேச்சு வேண்டாம், பதாகை வேண்டாம். தூரத்தில் நிற்கும் பஸ் டிரைவருக்கும், புகைப்படம் பார்க்கும் வாசகருக்கும் ஒரே பார்வையில் கோரிக்கை புரிந்துவிடும்.

சேறான சாலையில் நாற்று நடுவது, அலுவலக வாசலில் பாடை கட்டி ஒப்பாரி வைப்பது, நெற்றியில் நாமம் போட்டு நிற்பது எல்லாம் இதே தர்க்கத்தில் வந்தவை. பத்திரிகைகள் இவற்றுக்கு ‘நூதனப் போராட்டம்’ என்று பெயர் வைத்திருக்கின்றன. இதன் உச்சம் 2017 டெல்லி ஜந்தர் மந்தர். அய்யாக்கண்ணு தலைமையில் போன தமிழக விவசாயிகள் மண்டையோடுகளை முன்னால் வைத்து, எலியை வாயில் கவ்வி, பாதித் தலையை மழித்து 41 நாட்கள் உட்கார்ந்தார்கள். கடன் தள்ளுபடியும் வறட்சி நிவாரணமும் கேட்ட எளிய மனிதர்கள். இவ்வளவு தூரம் தங்களைத் தாழ்த்திக் காட்டினால்தான் கேமரா திரும்பும் என்ற நிலைமை வேதனையானது. விளம்பர வித்தை என்று அதைத் தள்ளியவர்கள், அதற்கு முன் அவர்கள் கொடுத்த மனுக்கள் எங்கே போயின என்று கேட்டிருக்க வேண்டும்.

## சட்டம் என்ன சொல்கிறது?

அரசியலமைப்பின் 19-வது பிரிவு பேச்சுரிமையையும், ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையும் தருகிறது. பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக ‘நியாயமான கட்டுப்பாடு’ போடலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சண்டை முழுதும் இந்த ‘நியாயமான’ என்ற ஒற்றைச் சொல்லில்தான்.

1. அனுமதி. சென்னையில் 1888-ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டத்தின் 41-வது பிரிவின் கீழ் காவல் ஆணையர் கூட்டங்களை ஒழுங்குபடுத்தலாம். இந்த உத்தரவின் ஆயுள் 15 நாள். அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பிப்பதால் ஆண்டு முழுதும் அமலில் இருப்பதுபோல ஆகிவிடுகிறது. மாவட்டங்களில் 1861 காவல் சட்டத்தின் 30(2) பிரிவு. இரண்டுமே விக்டோரியா ராணியின் ஆட்சியில் எழுதப்பட்டவை.

2. 144. கூட்டம் கூடத் தடை போடும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இந்தப் பிரிவு இப்போது இல்லை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-வது பிரிவு அதன் இடத்தில் இருக்கிறது. பேச்சுவழக்கில் 144 என்றே சொல்கிறோம். நியாயமான கருத்து வெளிப்பாட்டை அடக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2020-ல் உச்சநீதிமன்றம் காஷ்மீர் இணைய முடக்க வழக்கில் தெளிவாகச் சொன்னது.

3. சாலையும் தண்டவாளமும். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து டெல்லியில் சாலையை அடைத்து நடந்த ஷாகீன்பாக் போராட்டம் பற்றிய வழக்கில், 2020-ல், பொதுப்பாதையைக் காலவரையின்றி அடைத்து உட்கார முடியாது என்றது உச்சநீதிமன்றம். ரயில் மறியலுக்கு ரயில்வே சட்டத்தின் 174-வது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு.

4. பந்த். கட்டாயப்படுத்திக் கடையை மூடவைக்கும் பந்த் சட்டவிரோதம் என்று 1997-ல் கேரள உயர்நீதிமன்றம் சொன்னதை உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. 2007 அக்டோபர் 1-ல் சேதுசமுத்திரத் திட்டத்துக்காக தி.மு.க. கூட்டணி பந்த் அறிவித்தபோது, முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமையிலேயே, உச்சநீதிமன்றம் கூடித் தடை போட்டது. விடிந்ததும் முதல்வர் கருணாநிதி உண்ணாவிரதம் உட்கார்ந்தார். நான்காம் வகை ஒரே இரவில் இரண்டாம் வகையாக மாறியது. சட்டம் அடைத்தால் போராட்டம் நின்றுபோவதில்லை, வேறு உருவம் எடுக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

5. வேலைநிறுத்தம். 2003 ஜூலையில் ஓய்வூதியச் சலுகைகள் பறிக்கப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தபோது, சுமார் 1,70,000 பேர் ஒரேயடியாகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் போனது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது, தார்மீக உரிமைகூட இல்லை என்று தீர்ப்பு வந்தது. பெரும்பாலோர் திரும்ப எடுக்கப்பட்டார்கள். அந்தத் தீர்ப்பின் நிழல் இன்னும் அரசு அலுவலகங்கள் மீது விழுந்துகிடக்கிறது. காத்திருப்புப் போராட்டம், ஒட்டுமொத்தத் தற்செயல் விடுப்பு போன்ற வடிவங்களை ஊழியர் சங்கங்கள் நாடுவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்போ, பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதையும் வேலைநிறுத்தமாகவே கணக்கிடுகிறது. 14 நாள் முன்னறிவிப்பும் கேட்கிறது.

## கல்யாண மண்டபக் கைது

தடையை மீறிய ஆர்ப்பாட்டத்தில் 150 பேர் கைதானால் அவர்களை வைக்க எந்தக் காவல் நிலையத்திலும் இடம் இல்லை. ஆகவே பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். அரசுப் பேருந்து வரும். கோஷம் போட்டுக்கொண்டே ஏறுவார்கள். மண்டபத்தில் ஒரு ஏட்டு நோட்டைப் பிரித்து வைத்துப் பெயர், தகப்பனார் பெயர், ஊர் என்று எழுதுவார். மதியம் சாப்பாடு வரும். மேடையில் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். மாலை ஆறு மணி வாக்கில் எல்லாரையும் போகச் சொல்லிவிடுவார்கள்.

குற்றம் நடக்காமல் தடுக்கும் முன்னெச்சரிக்கைக் கைதில் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது என்பதும், அனுமதியின்றிக் கூடுதல் போன்றவை ஜாமீன் தரக்கூடிய பிரிவுகள் என்பதும்தான் இந்த மாலை விடுதலையின் ரகசியம். ஆனால் மாலையோடு கதை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அந்த நோட்டில் எழுதிய பெயர் முதல் தகவல் அறிக்கைக்குப் போகலாம். இரண்டு வருடம் கழித்துப் பாஸ்போர்ட்டுக்கோ அரசு வேலைக்கோ காவல்துறைச் சரிபார்ப்பு வரும்போது, அன்றைக்குக் கூட நின்ற கல்லூரி மாணவருக்கு அது முட்டுக்கட்டையாக வந்து நிற்கும்.

இதில் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. அரசு ஊழியரின் உத்தரவை மீறிய குற்றத்துக்கு, பழைய தண்டனைச் சட்டத்தின் 188-வது பிரிவில், போலீஸ் தானாக முதல் தகவல் அறிக்கை போட முடியாது. உத்தரவு போட்ட அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும் என்று 2018-ல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். அமைதியாகப் போராடிய பலர் மீதான வழக்குகள் இதைக் காட்டி ரத்தாகியிருக்கின்றன. ஆட்சி மாறும்போது மொத்தமாக வாபஸ் பெறுவதும் உண்டு. 2021-ல் இப்படி 5,570 வழக்குகளை வாபஸ் பெறுவதாக அரசு அறிவித்தது.

எல்லாருக்கும் மாலை விடுதலை வாய்க்கவில்லை. கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து இடிந்தகரையில் 2011 செப்டம்பரில் 127 பேர் உண்ணாவிரதம் இருந்தபோது, லூர்து மாதா கோயில் முன்னால் போட்ட பந்தல் பிறகு நீண்ட காலம் பிரிக்கப்படவே இல்லை. பெண்கள் பீடி சுற்றிக்கொண்டே அதில் உட்கார்ந்திருந்தார்கள். மறு ஆண்டு கடலுக்குள் இறங்கிக் கைகோத்து நின்றார்கள். அந்தக் கடற்கரை மக்களில் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோகப் பிரிவில் வழக்குகள் பாய்ந்தன.

அதைவிடக் கொடியது, மனு கொடுக்கப் போனவர்களுக்கு நேர்ந்தது. 1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலம், தடியடியில் தாமிரபரணிக்குள் தள்ளப்பட்டு 17 பேர் இறந்தார்கள். 2018 மே 22-ல், ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் 100-வது நாள், தூத்துக்குடி கலெக்டர் அலுவலகத்துக்குப் போன ஊர்வலம்; அன்றும் மறுநாளும் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். இரண்டுமே நம் பட்டியலின் முதல் வகை. ஆபத்து எப்போதும் வடிவத்தில் இருந்து வருவதில்லை; எதிரே நிற்பவர் அதை எப்படி எதிர்கொள்கிறார் என்பதில் இருந்தும் வருகிறது.

## இடம் யார் கையில்?

2017 ஜனவரி 16-ல் அலங்காநல்லூரில் தொடங்கி, மறுநாள் மெரினாவுக்கு வந்த ஜல்லிக்கட்டுப் போராட்டம், வேதாரண்யத்துப் பொட்டலத்தை மறுபடி நினைவூட்டியது. சாப்பாடும் தண்ணீரும் யார் யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். செல்போன் வெளிச்சம்தான் விளக்கு. கட்சிக்கொடியை உள்ளே விடவில்லை. 21-ல் அவசரச் சட்டம் வந்தது, 23-ல் சட்டமன்றம் சட்டம் நிறைவேற்றியது. அதே 23 காலையில் கூட்டம் பலவந்தமாக அகற்றப்பட்டு நகரம் வன்முறையைப் பார்த்தது.

அதற்குப் பிறகு மெரினா போராட்டக்காரர்களுக்கு மூடப்பட்டது. 2018-ல் காவிரிக்காக அங்கே உட்கார அய்யாக்கண்ணு கேட்ட அனுமதியைக் காவல்துறை மறுத்ததை உயர்நீதிமன்ற அமர்வு ஏற்றுக்கொண்டது. வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம் அரசு விருந்தினர் மாளிகை அருகில், எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம் அருகில் என்று சில இடங்களே மிச்சம். இந்த இடங்களில் காலை 10 மணிக்கு ஒரு சங்கம், 11 மணிக்கு இன்னொரு சங்கம் என்று முறை வைத்துக் கோஷம் போடும் நாட்கள் உண்டு. யாரை நோக்கிக் கோஷம் போடுகிறார்களோ அவர் அந்தப் பக்கம் வருவதே இல்லை.

2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் அதனால்தான் அனுமதித்த இடத்துக்குப் போகாமல், தங்கள் முதலாளியான மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை நடைபாதையிலேயே 13 நாள் உட்கார்ந்தார்கள். குப்பை அள்ளும் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்த போராட்டம் அது. நடைபாதையை மறிக்கக் கூடாது என்று உயர்நீதிமன்றம் உத்தரவிட, 13-ம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. சட்டப்படி எந்த இடம் சரி என்பது ஒரு கேள்வி. எந்த இடத்தில் உட்கார்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் காதில் விழும் என்பது வேறு கேள்வி. இந்த இரண்டுக்கும் இடையிலான தூரம் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது.

பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் தர மறுக்கும் ஏகனாபுரம் மக்கள் 2022-ல் இருந்து எடுத்திருக்கும் வழிகளைப் பாருங்கள்: கிராமசபைத் தீர்மானம், கருப்புக்கொடி, தேர்தல் புறக்கணிப்பு, வேலை முடிந்து வந்து மாலையில் கூடி உட்காருவது. பகலில் வயல் வேலை இருப்பதால் போராட்டத்தை மாலைக்கு வைத்துக்கொண்டார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் ஊரில் பெரும்பாலானோர் ஓட்டுப் போடப் போகவில்லை. அடுத்த கிராமசபை எப்போது கூடினாலும் தீர்மானப் புத்தகத்தில் அதே வாசகத்தை மறுபடி எழுதுகிறார்கள்.